வேலையை விட்டுடாதே, மாப்ள

மாப்ள,

உன் போன் வந்து பத்து நாளாச்சு. அன்னைக்கு ஐஸ் கம்பெனியில் லாரி நின்னுச்சு, சரியாப் பேச முடியலை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கட்டையன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு, உனக்கும் பத்திரிகை வரும். பாம்பன்ல கச்சான் காத்து வாசல்ல மண்ணை அள்ளிக் கொட்டுது. ஊர்ச் சேதி இவ்வளவுதான்.

நீ அன்னைக்குச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கலை. பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு, தங்கச்சி நகையை அடகு வச்சு, அந்த லட்ச ரூபாய்க்கு ஹைவ்ல பவர் வாங்கிப்போட்டு முழுநேரமா எழுதப் போறேங்கிறே. ஹைவ்ங்கிறது நாம எழுதுறதுக்குப் படிக்கிறவங்க ஓட்டுப் போட்டா கிரிப்டோ காசு வர்ற இணையதளம், பவர்ங்கிறது நம்ம ஓட்டுக்கு எடை கூட்ட அங்கே பூட்டி வைக்கிற காசு. உனக்கு ஆசை காட்டினவனே நான்தான். ஒரு கட்டுரைக்கு நாலு டாலர் வந்துச்சுன்னு போன வருஷம் துள்ளிக்கிட்டுச் சொன்னேன். அதில் கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லலை. தப்பு என்மேலதான்.

கேளு. ஒரு பதிவுக்கு 7 நாள் ஓட்டு விழும். எட்டாம் நாள் திரையில் நாலு டாலர்னு தெரியும். அதில் பாதி, ஓட்டுப் போட்டவங்களுக்குப் போயிடும். எனக்கு நின்ன ரெண்டு டாலர்ல ஒரு டாலர் ஹெச்பிடியா, அதாவது டாலர் விலையை ஒட்டி ஓடுற அவங்க காசா, வந்துச்சு, அதை நம்ம பணமா மாத்தலாம். இன்னொரு டாலர் ஹைவ் பவரா உள்ளேயே பூட்டிக்கும். அதை வெளியே எடுக்கணும்னா வாரம் ஒரு தவணையா 13 வாரம். ரெண்டு சென்ட்டுக்குக் கீழே விழுந்த பதிவுக்கு ஒண்ணுமே கிடையாது. எனக்கு ஆரம்பத்தில் நிறையப் பதிவு அப்படித்தான் போச்சு.

கரைவலையில் பங்கு பிரிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவங்கதானே நாம? வலைக்கு, வள்ளத்துக்குன்னு அதுக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி எடுத்தது போக மிச்சம்தான் இழுத்தவங்களுக்கு. ஹைவ்லயும் சம்மாட்டிங்க உண்டு. பவர் நிறைய வச்சிருக்கிறவர் ஒருத்தர் ஓட்டுப் போட்டா டாலர். உன்னை மாதிரி என்னை மாதிரி நூறு பேர் போட்டாலும் சென்ட்டுதான். அவரே எதிர் ஓட்டுப் போட்டு வந்ததை இறக்கவும் முடியும். நீ சொல்ற லட்ச ரூபாய்க்கு அங்கே யாரும் சம்மாட்டி ஆக முடியாது மாப்ள.

விலையையும் பாரு. ஹைவ், 2020 மார்ச்ல ஸ்டீம்ங்கிற இதே மாதிரி பழைய தளத்திலருந்து பிரிஞ்சு வந்தது. அந்த ஸ்டீம் காசு 2018 ஜனவரியில் 8 டாலரைத் தாண்டுச்சு, அதே வருஷக் கடைசியில் அரை டாலருக்கும் கீழே கிடந்துச்சு. அடகுக்கடை வட்டி அப்படி இறங்குமா? கிரிப்டோ காசை லாபத்துக்கு வித்தா 30 சதவீதம் வரி வேற. நஷ்டம் வந்தா அதை வேற வருமானத்தில் கழிச்சுக்கவும் முடியாது.

14 மாசத்தில் நான் எழுதினது 70 பதிவு. நம்ம காசுக்கு ஒன்பதாயிரம் சொச்சம், அதிலும் பாதி பூட்டுக்குள்ள. தமிழ்ல எழுதி, கீழே நானே இங்கிலீஷ்லயும் எழுதணும், இல்லைன்னா அங்கே படிக்க ஆள் இல்லை. ஒரு பதிவுக்கு ரெண்டு ராத்திரி போயிடும்.

அப்புறம் ஏன் விடலைன்னு கேப்பே. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ஐஸுக்குக் கேள்வி இல்லாம சும்மா உக்காந்திருந்தப்பதான் எழுத ஆரம்பிச்சேன். அப்போ பெரியக்கா கடல்பாசி எடுத்துட்டுக் கரையேறி வந்து, பாதத்தில் கட்டியிருந்த தகரத் தட்டை அவிழ்த்துட்டிருந்துச்சு. துடுப்பு மாதிரி உந்தி நீந்தத்தான் அந்தத் தட்டு. விரல்ல சுத்தியிருந்த துணியைப் பிரிச்சா, நகத்தோரமெல்லாம் பாறை கிழிச்ச கோடு, உப்புல ஊறி வெளுத்துப்போய். சின்னப் பிள்ளையிலிருந்து தினம் பார்த்த கை அது. அன்னைக்குத்தான் உத்துப் பார்த்தேன். அந்தக் கையைப் பத்தி மட்டும் நாலு பக்கம் எழுதினேன். அந்த நாலு டாலர் அதுக்கு வந்ததுதான்.

டாலரை விடு. பிலிப்பைன்ஸ்லருந்து ஒரு பொண்ணு கீழே எழுதியிருந்துச்சு. அவங்கம்மாவும் பாசி கட்டுறவங்களாம். உங்க அக்கா விரலுக்கு எந்தத் துணி சுத்துறாங்க, நனைஞ்சா இறுக்காதான்னு கேட்டிருந்துச்சு. அக்காகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பழைய பருத்திச் சேலை, நைலான்னா அறுக்கும்னு சொல்லு, அப்படின்னுச்சு. மூணு நாள் அதையே பேசிச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தன் விரலைப் பத்திக் கேட்டிருக்கான்னு. எனக்கு அது போதும், அதுக்காக இன்னும் எழுதுவேன்.

அக்கா பேரையும் முகத்தையும் போடலை. அங்கே எழுதினதைத் திருத்தினாலும் பழையது பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்ல பதிஞ்சு கிடக்கிற அவங்க பேரேட்டுல, அப்படியே கிடக்கும், யாராலும் அழிக்க முடியாது. நீ எழுதும்போதும் வீட்டு விஷயத்தில் இதை நினைவில் வை.

நீ எழுதவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. என்னைவிட நீ நல்லா எழுதுவே, கணக்கு சாரே சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை எழுது, சம்பளம் பாட்டுக்கு வரட்டும். உங்கய்யா சங்கு குளிக்கப் போன கதையைத் தங்கச்சிமடம் பஸ்ல நீ சொல்லி, நாம இறங்க மறந்தோமே, முதல்ல அதை எழுது. கடலடியில் சங்கு போன தடத்தை மண்ணுல எப்படிக் கண்டுபிடிப்பார்னு நீ சொன்னது எனக்குப் பாதி மறந்துபோச்சு. உனக்கும் மறக்கிறதுக்குள்ள எழுதிடு. காசு வராட்டியும் நான் படிப்பேன்.

வர்ற ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்றேன். எடுத்ததும் தங்கச்சிகிட்ட கொடு. நகை பீரோவிலேயே இருக்குன்னு அது வாயால கேட்டுட்டு உன்கிட்டப் பேசுறேன்.

உன் மச்சான்,
பாம்பன்