அக்காவுக்கு, காபிக் கறை படிந்த அந்தத் தாளைப் பற்றி

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை என் குடும்ப தெரபிஸ்ட் லைசென்ஸ் எண் வந்துவிட்டது; வீட்டுச் சிக்கல்களைக் கேட்டு ஆலோசனை சொல்லும் வேலைக்கான அனுமதி. குடும்ப வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் வாழ்த்தினார்கள். நீ ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாய். வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது.

அப்பா விஷயத்துக்குள் போகமாட்டேன். உனக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

நீ சான் ஹோசேக்கு வந்திருந்த அந்த மாதம்தான் ஓயாமல் நினைவுக்கு வருகிறது. எனக்கு அப்போது ஜீனோகிராம் பாடம். மூன்று தலைமுறைக் குடும்பத்தை ஒரே தாளில் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு, பேச்சே அறுந்துபோன உறவுக்கு நடுவில் வெட்டு விழுந்த கோடு. குடும்ப சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மர்ரே போவன், 1967-ல் ஒரு மாநாட்டில் தன் சொந்தக் குடும்பத்தையே எடுத்துவைத்துப் பேசியவர். எங்கள் வகுப்பிலும் முதலில் அவரவர் வீடுதான்.

தாளைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூங்கவைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காபி டம்ளர் அதன் மேலேயே இருந்தது. தாத்தாவில் ஆரம்பித்து ஒவ்வொரு கோடாக விரலால் தடவிக்கொண்டே வந்து, அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் நிறுத்தினாய்.

"இந்த வட்டம் நானா?"

ஆமாம் என்றேன்.

"இந்த வெட்டு?"

நான் பதில் சொல்லவில்லை, பாடம் நடத்தினேன். தலைமுறை, பதற்றம், துண்டிப்பு என்று ஐந்து நிமிடம். நீ முழுசும் கேட்டாய். "எல்லாருக்கும் கோணல் கோடு போட்டிருக்க. நீ மட்டும் நல்லபிள்ளையா நேர்கோட்டுல நிக்கிற" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாய்.

மன்னித்துவிடு அக்கா. வரைந்ததற்காக இல்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வகுப்பில் காட்டியதற்காக.

அதைவிடப் பெரிய தப்பு நான் செய்தது, இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி நீ போன் பண்ணியபோது. நீ என்ன சொல்ல வந்தாய் என்பதை இங்கே எழுதமாட்டேன். "சொந்தக்காரங்களுக்கு நான் ஆலோசனை சொல்லக் கூடாதுக்கா, விதி இருக்கு" என்றேன். விதி இருப்பது உண்மைதான். ஆனால் நீ தெரபிஸ்டைக் கூப்பிடவில்லை, தங்கச்சியைக் கூப்பிட்டாய்.

என் நிலைமையையும் கொஞ்சம் கேள். முதுகலை முடித்தால் வேலை முடிந்தது என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். கலிஃபோர்னியாவில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அசோசியேட்டாக, அதாவது லைசென்ஸுக்கு முந்தைய பயிற்சி நிலை தெரபிஸ்டாக, பதிய வேண்டும். தனியாக போர்டு மாட்டிக்கொள்ள முடியாது, சூப்பர்வைசரின் கண்காணிப்பில்தான் வேலை. மொத்தம் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம். அதில் 1,750 மணி எதிரே ஆளை வைத்துப் பேசியதாக இருக்க வேண்டும்; 500 மணி தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு. ஆறு வருஷத்துக்கு மேல் பழசானால் அந்த மணி கணக்கில் சேராது. சட்டமும் தொழில் நெறியும் ஒரு பரீட்சை. எல்லாம் முடிந்தபின் நான்கு மணி நேரத்தில் 170 கேள்வி, இன்னொரு பரீட்சை. ஃப்ரிட்ஜ் கதவில் கணக்கு ஒட்டி வைத்திருந்தேன். நீ கூப்பிட்ட ராத்திரி அது 1,412-ல் நின்றது. அன்று மட்டும் ஐந்து பேரின் வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். ஆறாவதாக நம் வீட்டைக் கேட்க என்னிடம் காது இல்லை.

"ஊரான் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி சண்டையைக் கேக்க ஒரு படிப்பா" என்று சித்தியிடம் நீ சொன்னதும் என் காதுக்கு வந்தது. அப்பா கடைசி மாதங்களில் தினமும் போனில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டது என்னிடம்தான். நீ ஒரு தடவை வந்திருக்கலாம். ஒரே ஒரு தடவை.

சரி, போகமாட்டேன் என்று சொன்னேன். விடுகிறேன்.

நேற்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். டம்ளர் கறை உன் வட்டத்தின் மேலேயே காய்ந்துகிடக்கிறது. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் நேர்கோட்டின் மேல் ரம்பப் பல்லைப் போட்டேன். நீ சொன்னது சரிதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கூப்பிடுகிறேன். உனக்கு ஞாயிறு காலை ஆறு மணி, மாமா நடக்கப் போயிருப்பார். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு எடு. அன்றைக்கு நான் நிறுத்திய இடத்திலிருந்து சொல்லு.