மொழிபெயர்ப்பு பிசகுவது கோப்பில்தான்

ஆசிரியருக்கு,

பழைய தமிழ் ஆவணங்களை கிளவுட் சேவையில் ஏற்றி மொத்தமாக ஆங்கிலத்துக்கு மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரை, செலவையும் நடையையும் மட்டுமே அலசியிருந்தது. வேலை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, கோப்பு தயாரிக்கும் இடத்தில்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினிக் கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமித்து அனுப்பினால் சேவை மறுக்காது. எழுத்துக்கு எழுத்து கட்டணமும் கணக்காகும், திரும்பி வருவது குப்பை. பிழைச் செய்தி வராததுதான் இதில் பெரிய ஆபத்து. நோட்பேடில் திறந்து, சாதாரண எழுத்துருவிலும் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். யூனிகோடுக்கு மாற்றும்போது வேர்டு கோப்பை முழுதாக எழுத்துரு மாற்றி மென்பொருளில் போடாதீர்கள்; நடுவே இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். எழுத்துரு வாரியாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதில் 'க'வை அடுத்து வரும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கலைச்சொல் பட்டியலோடு ஒப்பிடும்போது பொருந்தாமல் போகலாம். கோப்பு, பட்டியல் இரண்டையும் என்எஃப்சி (இத்தகைய எழுத்துகளை ஒரே சீராகச் சேமிக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

கூகுள் கிளவுடின் தொகுதி மொழிபெயர்ப்பில் (பல கோப்புகளை ஒரே வேலையாக மாற்றுவது), ஒரு வேலைக்கு 100 உள்ளீட்டுக் கோப்புகள், 10 இலக்கு மொழிகள், மொத்தம் 10 கோடி யூனிகோடு குறிகள் என்பது வரம்பு. 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஐந்து குறி (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). பக்கத்தை எண்ணி மதிப்பிட்டவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கூகுளுக்குக் கொடுப்பது டிஎஸ்வி கோப்பு (நெடுவரிசைகளை டேப்பால் பிரிக்கும் அட்டவணை உரை) என்றால் முதல் நெடுவரிசையில் அடையாள எண், டேப், பிறகு உரை. ஒரு வரிசையின் உரை 10,000 குறிகளைத் தாண்டாமல் வெட்டுங்கள். உரைக்குள் கிடக்கும் டேப்பையும் வரி முறிவையும் முன்பே நீக்காவிட்டால் நெடுவரிசைகள் இடம் மாறிவிடும். டிஎஸ்விக்கு மைம் வகை (உள்ளே இருப்பது எந்த வகை உரை என்ற குறிப்பு) கொடுக்காவிட்டால் எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்க வடிவம், என்றே சேவை எடுத்துக்கொள்ளும். அப்போது மேற்கோள் குறிகள் வெளியீட்டில் எண் குறியீடுகளாக வந்து நிற்கும். வெறும் உரை என்றால் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மூல மொழியையும் விடக்கூடாது, அது கட்டாயம். வெளியீட்டு ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். முந்தைய சோதனையின் மிச்சம் ஒன்று கிடந்தாலும் வேலை தொடங்காது. வேலை ஓடும் இருப்பிடமாக 'குளோபல்' என்று கொடுத்தால் செல்லாது.

அமேசான் சேவையில் ஒரே ஃபோல்டரில் வேர்டையும் எச்டிஎம்எல்லையும் கலக்கக் கூடாது. ஒரு வேலைக்கு ஒரே கோப்பு வகைதான். கோப்பு ஒன்று 20 எம்பி, மொத்தம் 5 ஜிபி வரை போகலாம். கோப்புகளை வைத்திருக்கும் பக்கெட் (கிளவுட் சேமிப்பிடம்) இருக்கும் மண்டலத்திலேயே வேலையும் ஓட வேண்டும்.

டெண்டர் விடும் அலுவலகங்கள் 'யூனிகோடு, என்எஃப்சி, வரிசை எண்ணோடு கூடிய டிஎஸ்வி' என்று உள்ளீட்டையும் நிபந்தனையில் எழுதி, முதலில் 20 வரிசைகளை மட்டும் தனி ஃபோல்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். வரிசைகள் சிறியவை என்றால் அதற்கு ஆகும் கட்டணம் மிகக் குறைவுதான்.

– வாசகர், கோவை