வெப்பமானி முள் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் வரும் கார்களின் டிஜிட்டல் திரைகளைப் புகழ்ந்து தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேகத்தை எண்ணில் காட்டுவது சரி, மூடுபனியில்கூடச் சட்டென்று தெரிகிறது. ஆனால் பல சிறிய கார்களில் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள்ளையே எடுத்துவிட்டு ஒரு விளக்கை வைத்திருக்கிறார்கள். குளிர்ந்திருந்தால் நீலம், மிதமிஞ்சிச் சூடானால் சிவப்பு, இடையில் ஒன்றுமில்லை. கொழும்புச் சமவெளிக்கு அது போதும். கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுபவருக்குப் போதாது.

போன வருடம் இறம்பொடை வளைவுகளில் என் பழைய வேனின் முள் மெல்ல மெல்லப் பாதியைத் தாண்டுவதைக் கண்டு ஓரங்கட்டினேன். ரேடியேட்டர் குழாயில் சிறு கசிவு. சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தால் எஞ்சினின் மேற்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும் (அந்தச் செலவு வேனின் விலையில் பாதி!). முள்ளோ திரையில் எண்ணோ, எதுவானாலும் பரவாயில்லை, ஏறுவது கண்ணில் பட வேண்டும். கார் விற்பனையாளர்கள் விளம்பரத்தில் வெப்பமானி உண்டா இல்லையா என்று குறிப்பிடட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்ட மலையகத்தார், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி சொக்கெட்டில் (எஞ்சின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) செருகும் சிறு மானி ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.