இங்க யாரும் அட்டை கேக்கல, நைனா

டூங்காபி, சிட்னி
6.5.2025

அன்புள்ள நைனாவுக்கு,

இங்க எல்லாரும் சவுக்கியம். உன் சக்கரை டெஸ்ட் ரிசல்ட்டை வாட்ஸ்அப்புல அனுப்பச் சொன்னேன், இன்னும் வரல. கடுதாசியா எழுதினா ஆயாவுக்குப் படிச்சுக் காட்டலாம்னு சொன்னியே, அதான் எழுதறேன்.

போன சனிக்கிழமை, 3ஆம் தேதி, இங்க நாடாளுமன்றத் தேர்தல்ல முதல் ஓட்டு போட்டேன். பழக்க தோஷம், பாஸ்போர்ட், லைசென்ஸ், கரண்ட் பில் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். மேஜையில இருந்தம்மா மூணே கேள்வி கேட்டாங்க: முழுப் பேர் என்ன, விலாசம் என்ன, இந்தத் தேர்தல்ல ஏற்கெனவே போட்டாச்சா. கவரைப் பிரிக்கக்கூட விடல. பச்சையில ஒரு சீட்டு, துண்டு நீளத்துக்கு வெள்ளையில ஒரு சீட்டு, ஒரு பென்சில். மெஷின் கிடையாது. பச்சைச் சீட்டுல நிக்கிறவங்க அத்தனை பேருக்கும் 1, 2, 3ன்னு எண் போடணும். முடிச்சுட்டு விரலை நீட்டிக்கிட்டு நின்னேன். மையும் கிடையாது! வெளிய பள்ளிக்கூடத்துக்காரங்க பிரெட்டுல சாசேஜ் வெச்சு வித்துக்கிட்டு இருந்தாங்க, கெங்கையம்மன் திருவிழாக் கடை மாதிரி.

எனக்கு மனசு ஒப்பல. யார் வேணாலும் என் பேரைச் சொல்லிப் போட்டுடலாமேன்னு கூட வேலை செய்யறவரைக் கேட்டேன். எல்லா பூத் பட்டியலையும் அப்புறமா ஒத்துப் பாப்பாங்களாம். ஒரே பேர் ரெண்டு தடவை அடிச்சிருந்தா கடிதம் வந்துடும். 1924லயே ஓட்டு கட்டாயம்னு சட்டம், போடலன்னா 20 டாலர் அபராதம். எல்லாரும் வந்தே ஆகணும்ங்கறதால, உன் பேர்ல வேற ஒருத்தன் போட்டிருந்தா நீ போய் நிக்கும்போது விஷயம் வெளிய வந்துடும்.

கட்டாயம்னு சொல்லிட்டா வழியும் பண்ணித் தரணும் இல்லையா? முன்கூட்டியே போடலாம், தபால்ல போடலாம். கண்ணு தெரியாதவங்க போன்லயே போடலாம். கீழ்வீட்டுத் தாத்தா அப்படித்தான் போட்டார். முதல்ல போன் பண்ணிப் பதிஞ்சா ஒரு நம்பர் தருவாங்க. மறுபடி கூப்பிடும்போது பேரைச் சொல்ல வேண்டாம், அந்த நம்பரும் ரகசிய எண்ணும் (PIN) போதும். ஓட்டை எழுதிக்கிறவங்களுக்கு இவர் யாருன்னே தெரியாது.

நம்மூர்ல வாக்காளர் அட்டை, மை, மெஷின் எல்லாமே கெட்டி. ஆனா 2019 ஞாபகம் இருக்கா? கட்டு கட்டா பணம் பிடிபட்டு, ஏப்ரல் 16ஆம் தேதி வேலூர் எம்பி தேர்தலை ரத்து பண்ணாங்க. 18ஆம் தேதி குடியாத்தம் இடைத்தேர்தலுக்கு மட்டும் பட்டனை அமுக்கிட்டு பெங்களூர் திரும்பினேன்; ஆகஸ்ட் 5க்கு மறுபடி பஸ் புடிச்சு வந்தேன். முன்வாசல்ல பெரிய பூட்டு, திருடன் கொல்லைப்பக்கமா வந்துட்டுப் போறான்.

போன வருஷம் ஆயா கதையை நினைச்சா இன்னும் சிரிப்பு வருது. 85 தாண்டினவங்களுக்கு வீட்டுலயே ஓட்டுன்னு ஃபார்ம் 12டியில கைநாட்டு வெச்சுட்டு, வீடியோகிராபரோட வந்தவங்ககிட்ட போட்டும் முடிச்சுட்டு, ஓட்டுப்பதிவு நாளான ஏப்ரல் 19ஆம் தேதி காலையில பட்டுப்புடவை கட்டிக்கிட்டு பூத்துக்குக் கிளம்பி நின்னுச்சாமே! அந்த வசதியை நான் குறை சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஆயா பேனாவைப் புடிச்சப்ப நீ பக்கத்துல நின்னியா? பூத் மறைப்புக்குள்ள மகன் சும்மா நுழைஞ்சுட முடியாது. வீட்டுல கட்டில் ஓரமா நின்னுட வாய்ப்பு இருக்கு. எனக்கு அதுதான் உறுத்துது.

அப்ப எனக்கும் ஓட்டு இருந்துச்சு. வெளிநாட்டுல இருக்கற இந்தியர் ஃபார்ம் 6ஏ-ல பதிஞ்சுக்கலாம், ஆனா பாஸ்போர்ட்டோட குடியாத்தத்துக்கே வந்து நிக்கணும். ஒரு பட்டனுக்கு ஃபிளைட் டிக்கெட். இந்தத் தாத்தாவுக்குப் போன் போதும்னா, எனக்கு ஒரு தபால் உறை ஏன் போதாது? அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

இப்ப கோவிச்சும் பிரயோஜனம் இல்ல. குடியுரிமை மாறிடுச்சு, பட்டியல்ல என் பேர் இருக்கக்கூடாது. ஃபார்ம் 7 கொடுத்து எடுத்துடு. நீக்கற பேர்ல உன் பேரை எழுதித் தொலைச்சுடாதே, ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி பாரு. என் பழைய அட்டை பீரோவுல ஆயா சுருக்குப்பைக்கு அடியில இருக்கும்.

உன் மகன்