அது ஜானரேயின் நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சண்டிகர் நகரம் எழும்பியபோது அதன் அலுவலகங்களுக்காகச் செய்த மர நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் பல லட்சம் ரூபாய்க்குப் போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எடுத்து எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க, அந்த நகரத்தைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞரின் பெயரில் 'லெ கார்புசியே நாற்காலி' என்றே வருகிறது. படத்தின் கீழும் அதே பெயர்தான். அந்த நாற்காலி அவருடையது அல்ல. பியேர் ஜானரே என்ற கட்டடக் கலைஞரும் அவரோடு வேலை பார்த்த இந்தியக் குழுவும் உருவாக்கியது. வாழ்ந்த காலத்திலேயே புகழ்பெற்ற அண்ணன் கார்புசியேவுக்குப் பின்னால் நின்றுவிட்டவர் ஜானரே. இன்றும் அவர் பெயரை விட்டுவிட்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

1896-ல் ஜெனீவாவில் பிறந்த இவர், கார்புசியேவுக்குத் தாயாதி முறையில் தம்பி. எட்டரை வயது இளையவர். 1922 முதல் பாரிஸில் இருவரும் சேர்ந்து தொழில் செய்தார்கள். வில்லா சவோய் வீட்டிலும், ஷார்லட் பெரியாண்டு என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து செய்த எஃகுக் குழாய் சாய்வு நாற்காலியிலும் ஜானரேயின் உழைப்பு உண்டு. 1940-ல் பிரிந்தார்கள். ஜெர்மனிக்குப் பணிந்த பிரான்ஸின் விஷி அரசிடம் கார்புசியே வேலை கேட்டுப் போனார். தம்பியோ எதிர்ப்பு இயக்கத்தின் பக்கம் நின்றார். அப்படிப் பிரிந்தவர்களை மறுபடி ஒன்றாக்கியது நம் பஞ்சாப்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லாமல் போனது. அதற்காக எழுப்ப நினைத்த சண்டிகர் என்ற புதிய நகரத்துக்கு முதலில் திட்டம் போட்ட இருவரில் மத்தேயு நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். வேறு ஆள் தேடி, தாப்பர் என்ற நிர்வாக அதிகாரியும் தலைமைப் பொறியாளர் வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போனார்கள். கார்புசியே ஒப்புக்கொண்டார், ஆனால் இங்கே வந்து தங்க மாட்டார். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவார். அப்படியானால் வெயிலில் நின்று வேலை வாங்குவது யார்? அந்தப் பொறுப்பு ஜானரேக்கும், இங்கிலாந்திலிருந்து வந்த மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதிக்கும் வந்தது. மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் தம்பதி ஊர் திரும்பினார்கள். 1951-ல் வந்த ஜானரே, 1965-ல் உடல்நலம் குன்றும் வரை சண்டிகரிலேயே இருந்தார். அமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரைக்குமான அரசு வீடுகள், பள்ளிகள், பல்கலைக்கழகத்தின் காந்தி பவன் என்று அந்த ஊரின் அன்றாட வாழ்க்கை நடக்கும் கட்டடங்களில் ஏராளமானவை அவர் கைவண்ணம். 1967-ல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விரும்பியபடியே அஸ்தியைக் கொண்டுவந்து சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம், விடுதிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. உள்ளே போட ஒரு மேசைகூடக் கிடையாது. ஆயிரக்கணக்கில் வேண்டும், செலவு குறைவாக வேண்டும், உள்ளூர்ப் பட்டறைகளில் செய்ய முடிய வேண்டும். பாரிஸில் பழகிய எஃகுக் குழாயை ஜானரே இங்கே கொண்டுவரவில்லை. தேக்கையும் பிரம்பையும் எடுத்துக்கொண்டார். தேக்கு கரையானுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் தாங்கும். பிரம்புப் பின்னலில் காற்றுப் போவதால் மே மாத வெயிலிலும் முதுகு வேர்க்காமல் உட்காரலாம்.

அலுவலக நாற்காலியைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். முன்காலும் பின்காலும் கைப்பிடிக்குக் கீழே ஒன்றாகக் கூடி, தரையை நோக்கி விரிகின்றன; பள்ளிப் பிள்ளைகளின் காம்பஸை விரித்து நிறுத்தியது போல. கட்டை நல்ல தடிமன். நுணுக்கமான செதுக்கல் எதுவும் இல்லை, சாதாரணத் தச்சர் பார்த்த உடனே புரிந்துகொண்டு செய்யக்கூடிய இணைப்புகள்தான். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அரசு வேலைக்கு வடிவமைப்பது என்றால் இதுதான். பல பட்டறைகளில் பிரித்துக் கொடுத்துச் செய்ததால் ஒரே வகை நாற்காலியிலும் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சண்டிகர் போயிருந்தபோது ஒரு அலுவலகத்தில் இதில் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பிடி முனை பல பேர் கை பட்டு வழுவழுவென்று இருந்தது. பின்பக்கக் கட்டையில் வெள்ளைப் பெயின்ட்டில் துறையின் பெயர்ச் சுருக்கமும் இருப்பு எண்ணும் எழுதியிருந்தார்கள். அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் பிரம்பு அறுந்த நாற்காலிகள் மழையில் கிடந்தன. பிரம்பு பின்னுகிற ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் சரியாகியிருக்கும்.

ஜானரே பெயரைச் சொல்லி நிறுத்தினாலும் கணக்கு முடியாது. யூலி சௌத்ரி என்ற கட்டடக் கலைஞரைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். சிட்னியில் படித்துவிட்டு 1951-ல் சண்டிகர் குழுவில் சேர்ந்தவர். நாற்காலி, மேசை வடிவமைப்பில் ஜானரேயோடு சேர்ந்து உழைத்தவர். பிற்காலத்தில் ஹரியானாவுக்கும் பஞ்சாபுக்கும் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். அந்தத் தலைமுறையில் ஒரு பெண் அந்த இடத்துக்கு வருவது லேசான காரியமா? அப்புறம், மரத்தை இழைத்தவர்களும் பிரம்பு பின்னியவர்களும். அவர்கள் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் இல்லை.

வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கட்டுரை கோபப்படுகிறது. கோபம் நியாயம்தான், ஆனால் அவர்கள் மேல் மட்டும் அல்ல. உடைந்ததைப் பழுது பார்க்காமல், புதிதாக வேறு நாற்காலி வாங்கிப் போட்டு, பழையதைக் கழிவுப் பொருள் என்று குவியல் குவியலாக ஏலம் விட்டது நம் அலுவலகங்கள். பாரிஸ் வியாபாரிகள் அந்த ஏலங்களில் முறைப்படி எடுத்தார்கள். 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்ட பிறகும் வெளிநாட்டு ஏலம் நின்றபாடில்லை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக நூறு வயது நிரம்ப வேண்டும். ஐம்பதுகளில் செய்த நாற்காலிக்கு 2050-க்குப் பிறகுதான் அந்தப் பாதுகாப்பு வரும்! அதற்குள் என்ன மிஞ்சும்? நவீன காலத்துப் பொருள்களுக்கு இந்த வயது வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று உங்கள் பத்திரிகை தலையங்கமே எழுதலாம்.

மிச்சம் இருக்கிற ஒவ்வொரு நாற்காலியையும் படம் எடுத்து, எண், அளவு, இருக்கும் இடம் எல்லாம் பதிந்து, யாரும் பார்க்கும்படி வைப்பதும் அவசரம். புதிதாகச் செய்த நாற்காலியில் எண் எழுதிப் பழையது என்று விற்கும் போலிகளைப் பிடிக்கவும் அது உதவும். அருங்காட்சியகத்தில் ஒன்றிரண்டு இருந்தால் போதும். மற்றவற்றைப் பழுது பார்த்து அலுவலகங்களிலேயே போட வேண்டும். குமாஸ்தாவும் மாணவரும் உட்காரத்தானே ஜானரே அதைச் செய்தார்.

அடுத்த இதழில் பெயரைத் திருத்தி ஒரு குறிப்புப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். செக்டர் 5-ல் ஜானரே குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. உங்கள் செய்தியாளரை அங்கே அனுப்பி, அவரைப் பற்றியும் யூலி சௌத்ரி பற்றியும் தனிக் கட்டுரை வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்,
திருச்சி.