அக்டோபர் 7 மாணவர் கணக்கெடுப்பு: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவின் பொதுப் பள்ளிகள் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் புதன்கிழமை மாணவர் கணக்கை எடுக்கின்றன. 2026இல் அது அக்டோபர் 7. நம் சார்ட்டர் (அரசு நிதியில் தனி நிர்வாகம் நடத்தும்) நடுநிலைப் பள்ளியும் கட்டணம் வாங்காத பொதுப் பள்ளிதான். சிறிய பள்ளி, ஒரு படிவம் விட்டுப்போனாலும் நிதியில் உறைக்கும்.

செப்டம்பர் 30 மாலைக்குள் தயவுசெய்து:

1. முகவரி, தொலைபேசி எண்ணைச் சரிபாருங்கள்.

2. இனம் குறித்த கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஆசியர் பிரிவில் இந்தியருக்குத் தனி இடம் உண்டு.

3. குடும்ப வருமானப் படிவத்தை நிரப்புங்கள். 2022 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் உணவு இலவசம் என்பதால் இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். படிவம் உணவுக்காக அல்ல. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைக்கும் அடிப்படை நிதிக்கு மேல் 20 சதவீதம் பள்ளிக்குக் கூடுதலாக வருகிறது. ஆசிரியர் உதவியாளர்களின் சம்பளம் இப்படிப்பட்ட பணத்தில்தான் நடக்கிறது. விசா விவரம் கேட்கமாட்டார்கள்.

4. புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டு மொழி தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். அதனால் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அஞ்ச வேண்டாம், தேவைப்படும் பிள்ளைக்கு மொழி உதவி கிடைக்கும்.

5. நிதி தினசரி வருகையைப் பொறுத்தது. ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அலுவலகத்தில் சுயகற்றல் ஒப்பந்தம் (பள்ளிக்கு வராத நாட்களில் பாடங்களைத் தானே படித்து முடிக்கும் ஏற்பாடு) கேளுங்கள்.

படிவம் புரியாதவர்கள் செப்டம்பர் 26, சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி நூலகத்துக்கு வாருங்கள். உடன் உட்கார்ந்து நிரப்பலாம்.

முடித்தவர்கள் பிள்ளையின் வகுப்பை மட்டும் இங்கே பதியுங்கள். வருமான விவரம் எதையும் குழுவில் போடாதீர்கள்.