செக் திரும்பி வந்த கதை

அன்புள்ள முத்து,

கடிதம் போட்டு நாளாச்சு, திட்டாதே. மூட்டுவலி அப்படியே இருக்கிறது, ஆச்சி சௌக்கியம், பேத்தி பிளஸ் டூ பாஸ்.

நான் கொடுத்த செக் ஒன்று, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பாங்கிலிருந்து திரும்பிவிட்டது. காலமெல்லாம் கணக்கெழுதிய கைக்கு இந்த மரியாதை! அந்த ஆத்திரத்தில் பேத்தியின் அகராதியை எடுத்து, செக் என்றால் என்னதான் என்று பார்த்தேன். அடேய், அது ராஜா!

பாரசீகத்தில் ஷா என்றால் அரசன். நம்ம சதுரங்கம் அங்கே போனதும், அரசனுக்குக் குறி வைக்கிறவன் 'ஷா' என்று எச்சரிப்பானாம். அந்தச் சொல்தான் அரபு, லத்தீன், பிரெஞ்சு என்று கைமாறி இங்கிலீஷில் செக் ஆகியிருக்கிறது. ராஜாவை மறிப்பது செக், அப்புறம் எதை மறித்தாலும் செக், சரிபார்த்தாலும் செக். பலகையில் கட்டம் இருக்கிறதே, அதனால் கட்டம் போட்ட துணியும் செக். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராஜாவின் வரிக்கணக்கை 10 அடிக்கு 5 அடி மேசையில் கோடு போட்ட துணி விரித்து, பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று பத்தி பிரித்து, காய் வைத்துத்தான் பார்த்தார்கள். சதுரங்கப் பலகை போல இருந்ததால் கஜானாவுக்கே எக்ஸ்செக்கர் என்று பேர் விழுந்தது. பாங்கு செக்கை இங்கிலீஷ்காரர்கள் cheque என்று எழுத்துக்கூட்டுகிற விதத்தில்கூட அந்த எக்ஸ்செக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்தால் கொடியில் ஆச்சியின் கண்டாங்கி, அரக்கும் மஞ்சளுமாய்க் கட்டம் கட்டமாக. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஆச்சி, பித்தம் தலைக்கேறிவிட்டது என்று கஷாயம் போட்டாள்.

சோமுவிடம் சொன்னால், காசுதான் கேஷ் என்று பழைய பல்லவியைத் தொடங்கிவிட்டான். பாதி சரி. அந்தக் காலச் செப்புக்காசுக்கு வெள்ளைக்காரன் சொன்ன கேஷ் நம்ம காசு, போர்ச்சுகீசியன் வாய் வழியாகப் போனது. ரொக்கம் என்கிற கேஷ் வேறே. அது பிரெஞ்சு, இத்தாலிப் பக்கத்துப் பெட்டி. பணம் வைத்த பெட்டியின் பேரே பணத்துக்கும் ஆகிவிட்டது. உங்க ஐயா ரங்கூனில் பெட்டியடியில் உட்கார்ந்தவர், அவருக்கு இதைச் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார்.

சிரிப்பெல்லாம் இங்கேயோடு சரி. வளவு வீட்டு, அதான் நம்ம பொது வீட்டு, பர்மா தேக்குத் தூண்களைப் பழைய சாமான் கடைக்குப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள் பங்காளிகள். டீக் என்கிற பேர் தேக்கிலிருந்து, மலையாளக் கரை வழியாகப் போர்ச்சுகீசியரிடம் போய் இங்கிலீஷுக்குள் நுழைந்தது. பேர் இங்கிருந்து போனது, மரம் கடல் தாண்டி இங்கே வந்தது. இதை நான் சொன்னால், "பேரை வைத்து ஓடு மாற்ற முடியுமா?" என்கிறான் உன் சின்ன மச்சான். மழை பெய்தால் இரண்டாம் கட்டு ஒழுகுவது நிஜம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தூணை விற்றா ஓடு மாற்றுவது?

ஆடிக்கு முன்னால் கூடிப் பேசுகிறார்கள். பெரியவர் உன் பேச்சைத்தான் கேட்பார். போனில் வேண்டாம், நேரில் வா. ஓட்டுச் செலவில் என் பங்கை நான் முன்கூட்டியே தருகிறேன், ரொக்கமாக.

அன்புடன்,
சொக்கு